சாட்சி அவர்களுக்கு, கூண்டு எனக்கு

ஓர் ஊரில் ஒரு மனிதன் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமானால், அவன் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் அதிகம் இருக்கக் கூடாது. எங்கள் சபையில் அப்படிப் பார்த்தவர்கள் ஒரு பெஞ்சு நிறைய இருக்கிறார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். கண்ணில் புரை, காதில் மிஷின், முழங்காலில் தைலம். ஞாபகத்தில் மட்டும் ஒரு கோளாறும் கிடையாது. தொண்ணூறாம் சங்கீதம் மனுஷ ஆயுசுக்கு எழுபது வருஷம், பலம் இருந்தால் எண்பது என்று கணக்குச் சொல்கிறது. எங்கள் ஆட்கள் அந்தக் கணக்கை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு தொண்ணூறைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்கள். அதற்காக நானும் ஸ்தோத்திரம் சொல்கிறவன்தான். சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். செம்மண் தேரியும் பனையுமாகக் கிடக்கும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் இதை அவர்களே படித்துவிட்டு, விட்டுப்போனதை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வார்கள். 2003இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்ததே, அந்தச் செய்தி எங்கள் முன்பெஞ்சுக்கு இன்னும் சரியாக எட்டவில்லை. ஜெபத்தில் இன்றைக்கும் திருநெல்வேலித் திருமண்டலத்துக்குத்தான் ஆசீர்வாதம் போகிறது.

வருஷத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் முதியோர் ஞாயிறு. அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. முதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தங்கள் வாழ்க்கையில் செய்த நன்மைகளைச் சொல்லிச் சாட்சி கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். இப்போதைய ஐயர் சின்னப் பையன், பட்டம் வாங்கி வந்த கையோடு எங்களிடம் அகப்பட்டுக்கொண்டவர். கமிட்டியில் அவர் நோட்டைத் திறந்து, "பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம், முப்பத்தாறு நிமிஷத்தில் முடிந்துவிடும்" என்றார். கமிட்டியில் இருந்த பழைய ஆட்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "நேரம் பார்த்து மணி அடிக்க ஒரு ஆள் வேண்டும். சார், நீங்கள் வங்கியில் இருந்தவர்கள், உங்களுக்குத்தான் கணக்குச் சரியாக வரும்" என்று என்னைப் பார்த்தார். பாராட்டினால் நான் எதையும் வாங்கிக்கொள்வேன். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளை அடக்க வைத்திருந்த பித்தளை மேஜைமணியை ஐயரம்மா அப்போதே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த மணிக்கு அடங்கின பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. நானும் அதில் படித்தவன்தானே, எனக்குத் தெரியும்.

மணி அடிப்பதற்கு முன்னால் ஆள் பிடிக்க வேண்டும். வீடு வீடாகப் போனேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேட்டால், "நமக்கு என்னப்பா தெரியும், படிச்சவிய யாரையாவது பேசச் சொல்லு" என்பார்கள். இரண்டாவது கேட்டால், "எனக்கு நெஞ்சு படபடங்கும்" என்பார்கள். மூன்றாவது முறை கேட்டதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வெளியே வரும். நோட்டில் முதல் பத்துப் பக்கம் வம்ச வரலாறு. எங்கள் வட்டாரத்தில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் அல்லவா? அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் அவருக்குச் சொந்தமில்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. அவருடைய சித்தப்பா கொழுந்தியாள் வழியில், பெரியம்மா சம்பந்தி வழியில், ஒன்றும் இல்லையென்றால் அவர் குடித்த கிணற்று வழியில். "இதெல்லாம் வேண்டாம் தாத்தா, மூன்று நிமிஷம்தான்" என்றேன். "சரிடே, அசரியாவை மட்டும் சுருக்கிருதேன்" என்றார் தாத்தா.

ஐயரும் தன் பங்குக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். சாட்சிக்கு மூன்று பாகம் இருக்க வேண்டும்: பழைய வாழ்க்கை, ஆண்டவரைக் கண்டுகொண்ட நேரம், புதிய வாழ்க்கை. படித்த இடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாவம், அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. இவர்களுக்குப் பழைய வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. 1799இல் முதலூர் உண்டான காலத்திலிருந்து ஐந்தாறு தலைமுறையாகக் கோயில் மணி கேட்டு எழுந்த குடும்பங்கள். பிறந்த மாதமே ஞானஸ்நானம். நடக்கத் தெரிந்ததும் பாடகர் குழு. மனந்திரும்புவதற்கு ஒரு சந்தர்ப்பமே கொடுக்காமல் வளர்த்துவிட்டார்கள். ஆகையால் தாளின்படி பாவ வாழ்க்கைக்கு உதாரணம் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், சொந்தக் கையிருப்பில் ஒன்றும் இல்லாமல், சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். மணியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணுக்கு நேரே ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

முதலில் பெரிய டீச்சரம்மா. எண்பத்து நாலு வயது. எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் இரண்டு தலைமுறைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர்கள். கையில் தாள் இல்லை, நோட்டு இல்லை. மைக்கைக் கொடுத்ததும், "இது எதுக்கு? கடைசிப் பெஞ்சுல தூங்குதவனுக்கும் கேக்கும்" என்று அதை ஐயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசிப் பெஞ்சில் இரண்டு பேர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் பாளையங்கோட்டை சாராள் டக்கர்ல டீச்சர் டிரெயினிங் படிச்சேன்" என்று ஆரம்பித்தார்கள். "அந்தச் சாராள் டக்கர் அம்மா இங்கிலாந்துக்காரவிய. இந்தியாவுல ஒரு நாள்கூடக் காலு வச்சதில்ல. நம்ம மொகத்தையே பாக்காம, நம்ம ஊர்ப் பொம்பளைப் பிள்ளையள் படிக்கணும்னு கவலைப்பட்டிருக்காவ. அதனாலதான் எங்க அம்மா வீட்டு வாசலைத் தாண்டாதவ, நான் பாளையங்கோட்டையைத் தாண்டினேன்." கோயில் முழுக்க ஒரு நெகிழ்ச்சி. எனக்கும் கண் கலங்கிற்று. கலங்கிக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மாவின் விரல் என் பக்கம் திரும்பியது.

"மொகம் பாக்காமலே அந்த அம்மா ஆயிரம் பேரைப் படிக்க வச்சாவ. நான் நேர்ல நின்னு, காதைப் பிடிச்சு, பிரம்பு ஒடிய ஒடியச் சொல்லிக் கொடுத்தும் இந்தா இருக்கானே, இவனுக்குப் பின்னக் கணக்கு வரல. அரையும் காலும் கூட்டினா என்னலன்னு கேட்டா, ஆறுல ஒண்ணும்பான். அன்னைக்கு முழங்காலில் நின்னு ஜெபிச்சேன். ஆண்டவரே, எனக்குப் பொறுமையைத் தாரும், இவனுக்கு எங்கயாவது ஒரு வேலையைத் தாரும்னு. ரெண்டும் கொடுத்தாரு. ஆனா இவனைக் கொண்டுபோய் பேங்குல வச்சாரு பாத்தியளா, அதுதான் அற்புதம்."

சபை சிரித்தது. எங்கள் கோயிலில் இரண்டு பேர் அதே வங்கியில் வைப்பு நிதி போட்டிருக்கிறார்கள். அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று நிமிஷம் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மணி அடிக்கலாம் என்றால், பின்னக் கணக்குக்குப் பழி வாங்குகிறேன் என்பார்கள். அடிக்காமல் விட்டால் ஐயர் பார்க்கிறார். லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். டீச்சரம்மா திரும்பி, "இன்டர்வெல்லா?" என்று கேட்டுவிட்டு மேலே தொடர்ந்தார்கள்.

அடுத்தது கொழும்புத் தாத்தா. பதினாறு வயதில் கொழும்புக் கடையில் வேலைக்குப் போய், நடுவயதில் ஊர் திரும்பினவர். ராமேஸ்வரம் தீவின் முனையில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போய்வந்த காலம் அது. தாத்தா வாயைத் திறந்தால் முதலில் கடையில் இருந்த சாமான் பட்டியல் வரும். நீங்கள் தடுக்க முடியாது. அரிசி, கருவாடு, பெட்டிச் சாமான், சோப்பு என்று வரும்போது நான் இருக்கையில் நெளிந்தேன். சோப்பு வந்தால் அடுத்தது நான்தான்.

"ஊருக்கு வரும்போது ராணி சோப்புக் கொண்டாருவேன். மணம்னா மணம், எட்டு வீட்டுக்கு வீசும். ஒரு தடவை இவன் அப்பனுக்கு ரெண்டு கொடுத்தேன். இவன் அதை மிட்டாயின்னு நெனச்சுக் கடிச்சுட்டான். கடிச்சவன் துப்பக்கூடாதா? நல்லாருக்குன்னு இன்னொரு கடி கடிச்சான்! வாயெல்லாம் நுரை. இவன் அம்மா, ஐயோ பிள்ளைக்கு வலிப்புன்னு கத்த, உபதேசியார் ஓடி வந்து தலையில கைவச்சு ஜெபிக்க, நுரை நின்னுட்டு. உபதேசியாருக்கு அன்னையிலருந்து ஊருல நல்ல பேரு."

என் பக்கத்தில் பெண்கள் வரிசையில் என் மனைவியின் தோள் குலுங்குவது தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அதுவும் ஒன்று. இந்த முறை மணியைச் சற்று ஓங்கியே அடித்தேன். தாத்தா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"ஏல, இடையன்குடியில கால்டுவெல் ஐயர் கோயில் கட்டினாரே, எத்தனை வருசம் தெரியுமா? முப்பத்து மூணு வருசம். 1880லதான் முடிஞ்சுது. அந்த மனுசனுக்கு எவனாவது மணி அடிச்சானா?"

இதற்கு வங்கியில் பதில் சொல்லித் தரவில்லை. மணியை மடியில் வைத்தேன்.

அப்புறம்தான் அவர் தன் சாட்சிக்கு வந்தார். 1964 டிசம்பர். ஊருக்கு வந்திருந்தவரை, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு உடனே புறப்பட்டு வரும்படி முதலாளி தந்தி அடித்திருந்தார். கூட வேலை பார்க்கும் இரண்டு பையன்களோடு பாம்பன் வரை போய்விட்டார். 22ஆம் தேதி ராத்திரி தனுஷ்கோடி போகும் ரயில். தாத்தா அந்த ரயிலைத் தவறவிட்டுவிட்டார். ஏன் தவறவிட்டார் என்பதற்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு காரணம். ஒரு வருஷம் வயிற்றுவலி என்றார். இன்னொரு வருஷம் தெரிந்தவர் வீட்டில் மீன்குழம்பு என்றார். போன வருஷம் செருப்பு வார் அறுந்துவிட்டது என்றார். இந்த வருஷம் எதைச் சொல்லப்போகிறார் என்று வாலிபர் சங்கத்துப் பையன்கள் தங்களுக்குள் கைவிரலால் பந்தயம் கட்டுவதை நான் பார்த்தேன். புயல் அலை அந்த ரயிலை அப்படியே வாரிக்கொண்டு போனது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரயிலில் இருந்தவர் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரே போய்விட்டது.

இந்த வருஷம் தாத்தா காரணமே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு, "முன்னால போயி உங்களுக்கும் சேத்து எடம் பிடிச்சு வைக்கோம் அண்ணாச்சின்னு சொல்லிட்டு ஏறுனானுவ ரெண்டு பேரும்" என்றார். "சின்னப் பயலுவ. இன்னும் எனக்கு எடம் பிடிச்சு வச்சிருப்பானுவன்னு நெனைக்கேன். அதனாலதான் எனக்குச் சாவப் பயமில்ல."

பந்தயம் கட்டின பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஐயர் தன் நோட்டை மூடிவிட்டார். யாரும் தும்மக்கூட இல்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது தாத்தா என் பக்கம் திரும்பி, "என்னல, மூணு நிமிசம் ஆயிட்டுல்லா? மணியை அடி. உக்காரணும், காலு கடுக்குது" என்று அதட்டினார். அடித்தேன். அன்று நான் அடித்த மணிகளில் மதிப்புக் கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மூன்றாவது பனையேறித் தாத்தா. சட்டைக்கு மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். நெஞ்சில், மரத்தைக் கட்டி அணைத்து அணைத்து உராய்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துத் தடித்த காய்ப்பு. "ஐயர் படிச்ச படிப்புக்குப் பட்டம் சுவத்துல தொங்குது. என் பட்டம் இங்க இருக்கு" என்று அதைத் தட்டிக் காண்பித்தார். சத்தம் மரத்தைத் தட்டின சத்தமாகவே கேட்டது.

"மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. நம்ம பனை அதுல பாதிகூட வராது. ஆனா அந்தக் கோபுரத்துல எவனும் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ஏறி எறங்கல. நான் ஏறுனேன், மரத்துக்கு மரம். தளைநாரைக் காலுல மாட்டி, முருக்குத்தடியைச் சாத்தி, ஏறும்போது ஒரு ஜெபம், எறங்கினதும் ஒரு ஸ்தோத்திரம். மேல காத்துல மரம் ஆடும்போது எவனும் பாடம் பண்ணின ஜெபத்தைச் சொல்ல மாட்டான். ஆண்டவரே பிடிச்சுக்கிடுமும்பான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஜெபம் எனக்குத் தெரியாது. அவரும் அதுக்கு மேல கேக்கல."

நான் படித்த புத்தகங்களில் இதைவிடச் சுருக்கமான இறையியல் கிடையாது. இத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் சரியாக மூன்று நிமிஷம். மணிமேல் கையை வைத்தேன். அசைவைப் பார்த்துவிட்டார். ஓர் ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பனையேறிகள் கண்ணில் படமாட்டான் என்று பின்னால்தான் தோன்றியது.

"கலயத்துல உள்பக்கமாச் சுண்ணாம்பு தடவினாத்தான் பதனீ. தடவாம விட்டா, கள்ளாயிரும். ஒரு நாளு ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ விட்டுப்போச்சு. கீழ எறக்கி, கொட்டிருவோம்னு தனியா வச்சேன். திரும்பிப் பாக்கேன், கலயத்தைக் காணும். தேடிப் போறேன். ஓடைக்கரையில இவன் உக்காந்திருக்கான். கலயம் காலி. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, கிறிஸ்துமஸ் பஜனைப் பாட்டைப் பாடுதான். சித்திரை மாசத்துல!"

சபைக்கு மூச்சுத் திணறியது. சிரிப்புக்கு ஒரு காரணம் பாட்டு; இன்னொரு காரணம் நீங்கள் அறிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேகரத்து மதுவிலக்குக் குழுவுக்குச் செயலாளர் நான். அதற்கு முந்தின ஞாயிறுதான் இளைஞர்களே, முதல் துளியைத் தொடாதீர்கள் என்று அரைமணி நேரம் முழங்கியிருந்தேன். பதனீர் என்று நினைத்துத்தான் குடித்தேன் என்று எழுந்து சொல்லலாம் என்று பார்த்தேன். ஒரு கலயம் முழுவதுமா என்று கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். "ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார் தாத்தா பெரிய மனதோடு. "பாட்டு ஒரு அட்சரம் தப்பல."

இடையில் வந்தவர்களை விட்டுவிடுகிறேன். நான் ஆட்டுக்குட்டி வேடத்தில் கிறிஸ்துமஸ் நாடக மேடையிலிருந்து விழுந்தது, காணிக்கைப் பையிலிருந்து சில்லறை மாற்றிக்கொண்டது, ஒரு சித்தி குணமான சாட்சியில் அவர்கள் குடிக்க வேண்டிய இருமல் மருந்தை நான் குடித்தது எல்லாம் உங்களுக்கும் எனக்கும் இடையே இல்லாமலே நட்பு நீடிக்கும்.

கடைசியில் ஆச்சி. தொண்ணூறு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. சங்கீதங்களில் பாதி மனப்பாடம். அவள் சாட்சி எப்போதும் பாட்டில்தான் தொடங்கும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864இல் காலமானவர். ஆச்சி பாடுகிற அவருடைய கீர்த்தனையில் புத்தகத்தில் இல்லாத ஒரு சரணம் எப்படியும் வந்துவிடும். கேட்டால், "அவரு எழுத மறந்திருப்பாரு" என்பாள். கீபோர்டு வாசிக்கிற பையன் ஆச்சி எடுத்த சுருதியைப் பிடிக்க ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவன் பிடித்த நேரத்தில் ஆச்சி வேறு சுருதிக்குக் குடிபோய்விட்டாள். கடைசியில் பையன் கீபோர்டை அணைத்துவிட்டு, கைகட்டி, பக்தியாகக் கேட்டான்.

பாட்டு முடிந்ததும் ஆச்சி கைப்பிடி அரிசிக்கு வந்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம், போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக் கோயில் கலயத்தில் போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கலயம். வாரக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்குப் போகும், விற்றுக் காசாகும், ஊழியத்துக்குச் செலவாகும். பணக்காரர் கொடுத்த மணியும் விளக்கும் பெயர் பொறித்து நிற்கின்றன. இந்த அரிசிக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் பல உபதேசிமார் இதில்தான் கஞ்சி குடித்தார்கள்.

"ரூவாய்க்கு மூணு படி அரிசி போடுவோம்னு மேடையில சொன்னானுவளே, அந்த எலெக்சன் சமயம்" என்றாள் ஆச்சி. அதாவது 1967. "சொன்னது காதுக்கு வந்துச்சு, அரிசி பானைக்கு வரல. ஊரெல்லாம் கோதுமைதான். ஒரு நாள் வீட்டுல இருந்ததே ஒரு பிடி அரிசி. கையில எடுத்துட்டேன். கோயில் கலயத்துல போட்டேன். பெறவு பிள்ளை அழுதான்னு எடுத்தேன். பெறவு பயந்து போட்டேன். பெறவு எடுத்தேன். கடைசியில அடுப்புல கஞ்சி வச்சுட்டேன். ஆண்டவரே, உம்ம அரிசியை நான் எடுத்துட்டேன், ஒளிக்கல, பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு, நாளைக்கு ரெண்டு பிடியாத் தாரேன்னு சொன்னேன். மறுநாளு ரெண்டு பிடி போட்டேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்காதிய, அது வேற சாட்சி."

ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பாகம், முப்பத்தாறு நிமிஷம் எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. கோயிலில் எத்தனையோ பெரிய பிரசங்கிமார் வந்து விசுவாசத்தைப் பற்றி விளக்கியிருக்கிறார்கள். கர்த்தரிடம் கைமாற்று வாங்கி, சொல்லிவிட்டு வாங்கி, மறுநாளே திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் பழக்கமுள்ள ஆள் எங்கள் சபையில் ஆச்சி ஒருத்திதான். நானும் நெகிழ்ந்துபோய், இந்த ஒரு சாட்சியிலாவது நாம் இல்லையே என்ற நிம்மதியில் கைக்குட்டையை எடுத்தேன்.

"அந்தக் கஞ்சியை என் பிள்ளை குடிச்சானான்னு கேளுங்க" என்றாள் ஆச்சி.

யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை வந்த பழக்கம்.

"அடுப்புல இருந்து எறக்கி ஆத்திக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டுலருந்து இவன் வாரான். நாலு வயசு. எங்க வீட்டு அடுப்பு மணம் இவனுக்கு எப்படித்தான் தெரியுமோ. முத்தத்துல வந்து உக்காந்து, ஆச்சி எனக்கும்னான். பிள்ளையைப் பட்டினி போடலாமா? ஆளுக்குப் பாதியா ஊத்தினேன். என் மவன் பாதி, இவன் பாதி. குடிச்சிட்டு, உப்பு கம்மின்னான்."

அதற்கு மேல் ஆச்சியை யாரும் பேச விடவில்லை. சிரித்த சிரிப்பில் கோயில் பிள்ளை ஆராதனை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே மணியை அடித்துவிட்டார். ஐயர் ஆசீர்வாதம் கூற எழுந்தார். பாதியில் அவருக்கும் அடக்க முடியவில்லை. ஆச்சி மட்டும் அமைதியாக என் பக்கம் வந்து, என் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி, "கர்த்தரோட கஞ்சி, வீணாப் போகல" என்றாள். அறுபதைத் தாண்டின ஓர் ஆணின் கன்னத்தைச் சபை நடுவே கிள்ள உலகத்தில் உரிமையுள்ள ஆள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தேன். அவர்களும் போய்விட்டால் நம்மைக் கிள்ள யார் இருக்கிறார்கள்? இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், ஆச்சியிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு கன்னத்தையும் கேட்பாள்.

வெளியே வேப்பமரத்தடியில் டீயும் வடையும். சபைப் பொருளாளர் கையில் ரசீதுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, கோயில் அரிசியில அரைப்பிடி உங்க பேர்ல நிக்குது. ஆச்சி அவிய பாதியையும் உங்க பாதியையும் சேத்துக் கட்டிட்டாவ. ஆனா வட்டி யாரும் கட்டல. 1967லருந்து கூட்டு வட்டி. நீங்க பேங்குல இருந்தவிய, நீங்களே போட்டுச் சொல்லிருங்க." பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, "அவங்கிட்ட கேக்காத, பின்னம் வரும்" என்றார்கள். கடைசியில் ஒரு மூட்டை பொன்னி அரிசி தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மூட்டைக்கு ரசீது கொடுத்தார். ரசீதில் காரணம் என்ற இடத்தில் 'கஞ்சி' என்று எழுதியிருந்தார்.

மணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டவே வேண்டாம், அடுத்த வருஷத்துக்கும் நீங்களே வைத்திருங்கள் என்றார் ஐயர். "இந்த வருஷம்தான் சார் ஜனங்கள் கடைசி வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது முதியவர்களுக்கு ஞாபகசக்தியைத் தூண்டுகிறது."

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அவள்; அவள் பேசாமல் வந்தால் ஏதோ தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். வாசல்படி ஏறும்போது சொன்னாள், "அடுத்த வருசத்துக்கு என் பேரையும் ஐயர்ட்ட கொடுத்துட்டேங்க."

"உனக்கு இன்னும் எழுபது ஆகலையே?"

"அதைத்தான் ஐயரும் கேட்டாரு. உங்களோட குடித்தனம் பண்ணின வருசத்தை ரெட்டிப்பா எண்ணணும்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாரு."

எனக்கு நாக்கு உலர்ந்தது. என்ன தலைப்பில் பேசப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீடிய பொறுமை" என்றாள். "மூணு நிமிசமெல்லாம் பத்தாதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தனி ஞாயித்துக்கிழமை."